நுரைச்சட்டிக்கு ஒரு மூடி

மார்கழி மூன்றாம் தேதி, காலை ஆறு ஐம்பது. வலது கன்னத்தில் காய்ந்த சோப்பு. இடது கையில் பால் கேன். அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு நான் ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் என் முகம் என் இஷ்டம்.

முடிவை உரக்கச் சொல்லவில்லை. பால் வாங்கிக்கொண்டு வந்து, கேனை அடுப்படியில் வைத்துவிட்டு, மனசுக்குள் இன்னொரு முறை எடுத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சிவப்பிரகாசம். வயது நாற்பத்தொன்பது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிறவன். எங்கள் பக்கத்தில் பிறக்கிறவர்களும் இறக்கிறவர்களும் என்னைத் தாண்டிப் போக முடியாது. நான் எழுதினால்தான் பிறந்தது பிறந்ததாகும், செத்தது செத்ததாகும். அலுவலகத்தில் அவ்வளவு அதிகாரம். வீட்டில் ரேஷன் கார்டில் முதல் பெயர் என்னுடையது. அதோடு சரி.

வீடு வில்லியனூருக்கு மேற்கே நாலு கிலோமீட்டரில். முன்பக்கம் கரும்பு, பின்பக்கம் நெல். என் மனைவி ஜெயசுதா அங்கன்வாடி டீச்சர். முப்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள். வீட்டுக்கு வந்து முப்பத்தோராவது ஆளிடம் பேசும்போது அவள் குரலை மாற்றிக்கொள்வதில்லை.

காலை ஆறரையிலிருந்து ஏழேகால் வரை எங்கள் வீட்டில் கலவர நேரம். பால் வாங்க வேண்டும். மோட்டார் போட வேண்டும், தொட்டி வழிவதற்குள் நிறுத்த வேண்டும். கொத்தமல்லி ஆய வேண்டும். மகள் சுவேதா கல்லூரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் தொலைக்கும் ஐடி கார்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜெயசுதாவும் வேலைக்குப் போகிறவள், சமையல் முழுக்க அவள் கை. அதனால் இந்த வேலைகளை என் தலையில் கட்டுவதில் நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது. நியாயம் அவள் பக்கம் போய்விட்டதால்தான் நான் தந்திரத்தின் பக்கம் போக வேண்டி வந்தது.

எனக்கு வேண்டியது அந்த முக்கால் மணி நேரம். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரும் கூப்பிடாமல், ஒன்றும் தேடாமல், முருங்கை மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதற்கு ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு ஒரு வழியும் இருந்தது. என் மாமியார் கனகாம்பாள் போட்ட சட்டம் ஒன்று எங்கள் வீட்டில் அமலில் உண்டு. பாதி சவரத்தோடு ஆண்பிள்ளை வாசல் தாண்டக் கூடாது, தாண்டினால் வீட்டுக்கு ஆகாது. ஜெயசுதா இந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. என் முகத்தில் நுரை இருக்கும்வரை கடைக்குப் போ என்று சொல்ல மாட்டாள். ஆனால் நுரை எவ்வளவு நேரம் இருக்கும்? மார்கழிக் குளிரில் ஐந்தே நிமிடம். ஜில்லென்று ஆகி, கோலமாவு மாதிரி காய்ந்து உதிர்ந்துவிடும். காய்ந்த நுரை சட்டத்தில் வராது என்று ஜெயசுதா திருத்தம் கொண்டுவந்திருந்தாள்.

"காஞ்சி போச்சிங்க. மூஞ்சியக் கழுவிக்கினு பாலு வாங்கியாங்க. வந்து மறுபடி பூசிக்குங்க."

அப்படித்தான் அன்றைக்குக் கேனோடு நின்றேன். அவசரத்தில் ஒரு கன்னத்தைக் கழுவ மறந்திருந்தேன்.

அன்று மாலையே பக்கத்து வீட்டில் விடை கிடைத்தது. பக்கத்து வீட்டு சார்லஸ் எலெக்ட்ரீஷியன். ஒரு பிறந்தநாள் விருந்துக்குக் கிளம்ப, வாசலில் நாற்காலி போட்டு சவரம் செய்துகொண்டிருந்தான். முகத்தில் நுரை. நுரையிலிருந்து ஆவி.

"இன்னா சார்லஸ், மூஞ்சி வேவுது?"

"பிரான்ஸ்லேர்ந்து பெரியண்ணன் லீவுல வந்தாரு இல்லண்ணா, அவரு குடுத்துட்டுப் போனாரு. பாருங்க."

பார்த்தேன். டீ ஜாடி மாதிரி இருந்தது. ஒரு பக்கம் மூக்கு, ஒரு பக்கம் பிடி. மேலே, மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிண்ணம். மூக்கு வழியாக வெந்நீர் ஊற்றினால் அது கீழே வயிற்றில் போய்த் தங்கும். மேலே கிண்ணத்தில் பிரஷ்ஷால் சோப்பை அடித்தால் நுரை சூடாக எழும்பும், சூடாகவே இருக்கும். வெளிநாட்டில் இதை ஸ்கட்டில் என்கிறார்களாம்.

"எம்மா நேரம் நிக்கும் சூடு?"

"அர மணி நிக்கும்ணா. தண்ணி மாத்தினா முக்கா மணி."

அதற்குள் அவன் மனைவி சகாயராணி கையில் பையோடு வெளியே வந்தாள். அவனைப் பார்த்தாள். நுரையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தானே கடைக்குப் போனாள்.

"வேல ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"நொர சூடா இருக்கறப்ப எழுப்பக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்காருண்ணா. ஆறிப்போச்சின்னா தோலு கெட்டுடுமாம்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சார்லஸின் வீடு, பைக், பிரான்ஸ் அண்ணன் எதைப் பார்த்தும் நான் அதுவரை பொறாமைப்பட்டதில்லை. அந்தச் சட்டியைப் பார்த்துப் பட்டேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஜெயா, மார்கழிக் குளுர்ல என் தோலு வறண்டு போவுது."

"எண்ண தேய்ச்சிக்குங்க."

"அது இல்ல. ஷேவிங் பண்றப்ப நுரை சூடா இருக்கணுமாம். அதுக்குன்னு ஒரு சட்டி இருக்குது. வாங்கலாம்னு பாக்கறேன்."

நான் வாதத்துக்குத் தயாராக இருந்தேன். தோல், வயது, அலுவலகத்தில் மரியாதை என்று ஐந்தாறு விளக்கம் கைவசம் இருந்தது. அவள் எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எம்மா நேரம் சூடு நிக்கும்?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒரு மணி நேரம்!"

"நடுவுல வுட்டுட்டு எழுந்து போனாலும்?"

"நடுவுல வுட்டுட்டு காசிக்குப் போயிட்டு வந்தாலும் அப்பிடியே இருக்கும்!"

"அப்ப நல்லதாப் பாத்து வாங்குங்க," என்று ரசம் ஊற்றினாள். அன்றைக்கு ரசம் எனக்குத் தனி ருசியாக இருந்தது.

ஆன்லைனில் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வந்துசேர ஒன்றரை மாதம் என்று போட்டிருந்தது. அதற்குள் மார்கழி போய்த் தையும் பாதி ஆகிவிடும். வில்லியனூரில் மண் பொம்மை செய்கிற மாரிமுத்துவிடம் போனேன். யானை, குதிரை, பிள்ளையார் என்று வெளியூர் ஆட்கள் வந்து வாங்கிப்போகிற அளவுக்குக் கைக்காரர். காகிதத்தில் படம் வரைந்து காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், இது கூஜாவா, கும்பாவா?"

"கீழ கூஜா, மேல கும்பா."

"கீழ தண்ணி ஊத்துவீங்களா?"

"ஆமா, தண்ணி ஊத்தணும்."

"சரி வுடுங்க. பண்ணிடலாம்."

ஆறு நாளில் பண்ணியும் விட்டார். செம்மண் நிறத்தில், பார்க்கவே லட்சணமாக இருந்தது. மறுநாள் காலை கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொண்டு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தேன். மரத்தில் ஆணியடித்துக் கண்ணாடி மாட்டியிருந்தேன். சோப்பைப் போட்டு அடித்தேன். இரண்டாவது நிமிடம் நுரை வெதுவெதுப்பாக இருந்தது. ஐந்தாவது நிமிடம் சட்டியின் வெளிப்பக்கம் வியர்த்தது. பத்தாவது நிமிடம் நுரை ஐஸ்கிரீம். வயிற்றில் ஊற்றிய வெந்நீர் பானைத் தண்ணீராகி என் வேட்டியில் கசிந்தது.

சட்டியைத் தூக்கிக்கொண்டு மாரிமுத்துவிடம் போனேன்.

"ஜில்லுனு இருக்குதா சார்?" என்று அவரே முந்திக்கொண்டு கேட்டார். முகத்தில் அவ்வளவு பெருமை.

"இருக்குது. ஏன் இருக்குது?"

"அதுக்குன்னே மணலு கூடக் கலந்து, நல்லா கசியற மாதிரி போட்டேன் சார். சித்திரையில வெச்சுப் பாருங்க, ஃபிரிட்ஜ் தோத்துடும்."

வெந்நீர் என்று நான் சொல்லவே இல்லை. தண்ணீர் என்றுதான் சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் மண் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிறவன் எதற்கு ஊற்றுவான்? அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. உலகத்திலேயே முகச்சவர நுரையைக் குளிர வைக்கிற சட்டி என்னிடம் மட்டும்தான் இருந்தது. சுவேதா அதைப் பார்த்துவிட்டு, "வெயில் காலத்துல மோர் ஊத்தி வைக்கலாம்பா," என்றாள்.

இந்த இடத்தில் ஜெயசுதா கைகொட்டிச் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

"நீங்க போய்ச் சொன்னா இப்பிடித்தான் ஆவும். இருங்க, நானும் வர்றேன்," என்றாள்.

அடுத்த நாளே கூட வந்தாள். மாரிமுத்துவின் முன்னால் சட்டமாக உட்கார்ந்தாள்.

"அண்ணே, இது வெந்நிக்கு. உள்ளயும் வெளியயும் கண்ணாடி மெருகு போட்டுடுங்க, ஒரு சொட்டு கசியக்கூடாது. சுவரு தடிமனா வையுங்க. வயிறு இன்னுங் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், தண்ணி நெறையப் புடிக்கணும்."

"சரிம்மா."

"அப்புறம் மேல கிண்ணத்துக்கு ஒரு மூடி போடுங்க."

"நொரைக்கா மூடி?"

"மூடி இருந்தாத்தானண்ணே சூடு நிக்கும். சோத்துப் பானைக்கு மூடறோம் இல்ல?"

என் கண்ணில் நீர் வராத குறை. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பெண்ணைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று உருகிப்போனேன். சார்லஸின் அண்ணன் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த சட்டியிலேயே மூடி கிடையாது. பிரெஞ்சுக்காரனுக்குத் தோன்றாத அக்கறை என் மனைவிக்குத் தோன்றியிருக்கிறது. மாரிமுத்து அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது அவர் பார்வையில் ஏதோ ஒரு வருத்தம் இருந்தது. அவருக்கும் கல்யாணமாகி முப்பது வருடம். நான்தான் அதைக் கவனித்தும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

பத்து நாளில் சட்டி வந்தது. கரும்பச்சை நிறம், பளபளவென்று மெருகு. தூக்கினால் கை இறங்குகிற கனம். மூடிக்குத் தாமரை மொட்டு மாதிரி ஒரு குமிழ். வீட்டில் அதற்கு நுரைச்சட்டி என்று பெயர் வைத்தார்கள்.

புதன்கிழமை முதல் உபயோகம். முதலில் வெந்நீர் ஊற்றி, சட்டி சூடேறியதும் கொட்டிவிட்டேன். மறுபடி கொதிநீர் ஊற்றினேன். பிரஷ்ஷைச் சட்டியின் மூக்கில் விட்டு ஊறவைத்தேன். கிண்ணத்தின் உள்பக்கம் மாரிமுத்து வரிவரியாகக் கீறியிருந்தார். சோப்பு அதில் உரசி, ஒரு சுற்று, இரண்டு சுற்று, இருபது சுற்றில் கிண்ணம் நிறைய நுரை பொங்கி நின்றது. முகத்தில் வைத்தேன். மார்கழிக் குளிரில் அந்தச் சூடு கன்னம் வழியாகக் காதுக்குப் போய், காது வழியாக முதுகுக்கு இறங்கியது. அப்படியே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். வயலில் கொக்கு இறங்கியது. யாரும் கூப்பிடவில்லை. ஆறரையிலிருந்து ஏழேகால் வரை ஒரு குரல் கேட்கவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

வியாழக்கிழமையும் அப்படியே. பாலை ஜெயசுதாவே வாங்கி வந்தாள். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை சட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஏழே முக்கா ஆச்சி, இன்னும் சூடா இருக்குதுங்க," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சவரம் ஆகாது. சனிக்கிழமை பெருமாளுக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தது. பொங்கலுக்கு நாலே நாள் பாக்கி. வீடு முழுக்க ஒட்டடை, பரண் சாமான், பாத்திரம் என்று வேலை மலையாகக் கிடந்தது. எனக்குக் கவலையே இல்லை. மதியம் வரை சவரம் செய்வது என்று தீர்மானித்திருந்தேன். ஏழு மணிக்கு வலது கன்னத்தை முடித்தேன். இடது கன்னத்துக்கு நுரை தடவினேன். அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, தொட்டி வழியுது. மோட்டார நிறுத்திட்டு வாங்க."

"நுரை போட்டிருக்கேன் ஜெயா."

"தெரியும். மூடி வெச்சிட்டு வாங்க."

பிரஷ் என் கையில் அப்படியே நின்றது. மூடியைப் பார்த்தேன். தாமரை மொட்டு. எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. ஆறுகிற நுரை என்றால் அவசரம், அவசரம் என்றால் விட்டுவிடுவாள். ஆறாத நுரைக்கு என்ன அவசரம்? காசிக்குப் போய்விட்டு வந்தாலும் இருக்கும் என்று சொன்னவன் நான். சொல்லும்போது பக்கத்தில் சாட்சிக்கு என் மகள் வேறு இருந்தாள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன். மூடியைத் திறந்தால் நுரை சூடாக இருந்தது. பிரஷ்ஷை எடுத்தேன்.

"ஏங்க, அந்த சிலிண்டர மாத்திக் குடுங்க. மூடி வெச்சிட்டு வாங்க."

மாற்றிக் கொடுத்தேன்.

"ஏங்க, பரண் மேல இருக்கற பித்தளப் பானைய எறக்கணும். மூடி வெச்சிட்டு வாங்க."

இறக்கினேன்.

"ஏங்க, கொத்தமல்லி."

இதற்கு மூடி என்று அவள் சொல்லவில்லை. நானே வைத்துவிட்டு எழுந்தேன். பழகிவிட்டது.

ஒன்பது மணிக்கு ஜெயசுதாவின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்து முருங்கை மரத்தடியில் நின்றாள்.

"அம்மா மதகடிப்பட்டு ஜங்ஷன்ல எறங்கிட்டாங்களாம். ஒரு மூட்ட மொச்சக்காய் எடுத்தாந்திருக்காங்க. ஞாயித்துக்கெழம, டவுன் பஸ்ஸு இல்ல. போய் இட்டாந்துடுங்க."

இப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குள் மோட்டார், சிலிண்டர் என்று சொன்னதெல்லாம் சரி. மதகடிப்பட்டு வீட்டுக்குள் இல்லை.

"பாதி சவரத்தோட ஆம்பள வாசல் தாண்டக்கூடாது," என்றேன். குரலில் கொஞ்சம் கம்பீரம் சேர்த்தே சொன்னேன். "உங்கம்மா சட்டம்."

"ஆமா, தாண்டக்கூடாது."

"அப்புறம்?"

"வாசல யாரு தாண்டச் சொன்னா? பின்னாடியா போங்க."

"இன்னா?"

"தெனமும் இங்க தோட்டத்துல குந்திக்கினுதான ஷேவ் பண்றீங்க? நொரையோட பின்வாசப்படி தாண்டித்தான வர்றீங்க? அதுல ஒண்ணியும் ஆவல இல்ல? வண்டிய சுத்திக் கொண்ணாந்து இங்க நிறுத்திட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். வரப்போரத்தில் என் பைக் நின்றுகொண்டிருந்தது. சாவி அதிலேயே இருந்தது.

"இந்த மூஞ்சியோட எப்பிடிப் போறது? ஊரே பாக்கும்."

முந்தானையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டினாள். கொரோனா காலத்தில் அங்கன்வாடிக்கு வாங்கியதில் மீந்தது.

"இத்த மாட்டிக்கினு மேல ஹெல்மெட் போட்டுக்குங்க. ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க மூடி வெச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

போனேன். நுரைக்கு மேல் மாஸ்க், மாஸ்க்குக்கு மேல் ஹெல்மெட். மூச்சு விட்டால் சோப்பு வாசனை. திருபுவனை தாண்டும்போது ஒரு தும்மல் வந்தது. மாஸ்க் ஓரமாக நுரை வெளியே வந்து மீசையில்லாத இடத்தில் மீசை மாதிரி நின்றது. பக்கத்து லாரிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நம்பிக்கையும் இருந்தது. சட்டம் போட்டவரையே பார்க்கப் போகிறேன். அவரிடமே முறையிட்டுவிடலாம்.

மதகடிப்பட்டு ஜங்ஷனில், பழக்கடை ஓரமாக மொச்சை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார் மாமியார் கனகாம்பாள்.

"வாங்க மாப்ள. இன்னா, மூஞ்ச மூடிக்கினு? ஒடம்பு சரியில்லயா?"

மாஸ்க்கை இறக்கினேன். வலது பக்கம் வழுவழுப்பு, இடது பக்கம் நுரை.

"பாருங்க அத்த. பாதி ஷேவிங்ல என்னை எழுப்பி அனுப்பிட்டா உங்க பொண்ணு. நீங்க சொன்ன பேச்ச அவளே மீறிட்டா."

மாமியார் அதிர்ச்சியோடு எழுந்தே விட்டார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஆறுதலாக இருந்தது.

"அய்யய்யோ. எந்தப் பக்கமா வந்தீங்க மாப்ள?"

"எந்தப் பக்கம்னா?"

"முன்வாசலா, பின்வாசலா?"

"பின்வாசல்."

"அப்பாடா," என்று மறுபடி மூட்டைமேல் உட்கார்ந்தார். "பின்வாசல்னா ஒண்ணும் ஆவாது. ஒங்க மாமனார நானும் அப்பிடித்தான் அனுப்புவேன். மூட்டயத் தூக்கி முன்னாடி வையுங்க, வெயில் ஏறுது."

அதற்கு மேல் முறையிட இடமில்லை. மூட்டை முன்னால், மாமியார் பின்னால், நான் நடுவில். வழியில் எதிர்க்காற்று வேறு. ஒரே ஒரு நம்பிக்கைதான் பாக்கி. இவ்வளவு நேரத்துக்கு நுரை ஆறியிருக்கும். ஆறிப்போன சட்டியை ஜெயசுதா முகத்துக்கு நேராக நீட்டி, பார் உன் மூடியின் யோக்கியதையை என்று கேட்டுவிடலாம். நியாயம் ஒரு நாளாவது என் பக்கம் வரட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். ஆவி கண்ணாடியில் படிந்தது.

"ரெண்டு வாட்டி வெந்நி மாத்திட்டேங்க," என்று சமையலறை ஜன்னலில் இருந்து ஜெயசுதா சொன்னாள். "ஆறிப்போச்சின்னா நீங்க வெசனப்படுவீங்களேன்னு."

நடுவில் குளித்து, ஒட்டடை அடித்து, மாமியாரின் மூட்டையை உள்ளே தூக்கி வைத்து, இடது கன்னத்தை முடித்தபோது பதினொன்றரை. வலது கன்னத்துக்கும் இடது கன்னத்துக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். என் பதிவேட்டில் அப்படிப் பிறந்தால் அண்ணன் தம்பி என்றுதான் எழுதுவேன்.

அதன் பிறகு கை தவறியது. அதாவது, நான் தவறவிட்டேன். நுரைச்சட்டி இடுப்பு உயரத்திலிருந்து துணி துவைக்கிற கல்மேல் விழுந்தது. விழுந்து, ஒருமுறை உருண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை. கேட்டபடி தடிமனாகத்தான் செய்து கொடுத்திருக்கிறார் மாரிமுத்து. கல் ஓரத்தில்தான் கொஞ்சம் பேர்ந்திருந்தது.

மதியம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்துத் தண்ணீரில் போட்டால் நாளைக்குத் தோல் பிதுக்கிக் குழம்பு வைக்கலாம். எனக்கும் ஒரு முறம் கொடுத்திருந்தார்கள். அரை முறம் உரித்த பிறகு எனக்கு அந்த யோசனை வந்தது. சவரம் செய்வதால்தானே சட்டி? சட்டி இருப்பதால்தானே மூடி? சவரமே இல்லையென்றால்? இவ்வளவு எளிதான வழி இத்தனை நாளாக முகத்திலேயே இருந்திருக்கிறது.

முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நான் இன்னையோட ஷேவிங்க வுட்டுட்டேன்."

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். சுவேதா போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"வுட்டுட்டு?" என்றாள் ஜெயசுதா.

"தாடி வளக்கப் போறேன். முழுத் தாடி. இனிமே பிரஷ்ஷு, சோப்பு, வெந்நி, சட்டி, மூடி ஒண்ணும் வேணாம். யாரும் என்னை நடுவுல எழுப்ப முடியாது. ஏன்னா நடுவே கெடையாது."

சுவேதா என் முகத்தை அளந்து பார்த்து, "நல்லாத்தாம்ப்பா இருக்கும்," என்றாள். மாமியார்கூடத் தலையாட்டினார். ஜெயசுதா எதிர்ப்பாள் என்று காத்திருந்தேன். பதில் சொல்லச் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். அவள் ஒரு மொச்சையை உரித்து, கொட்டையைத் தண்ணீரில் போட்டு, அடுத்ததை எடுத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"தாராளமா வளத்துக்குங்க," என்றாள். "அப்ப நாளையிலேர்ந்து ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் நடுவுல நீங்க சும்மாதான இருப்பீங்க?"